மீட்டர் லைட்டு எரியுதா, பேச்சி?

உச்சி வெயில் நேரத்தில் ஒரு காருக்குள் ஏறி, தலையோடு ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் என்ன வாடை வரும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் வருவது, எத்தனையோ கல்யாண வீடுகளில் விரித்து மடித்த அந்த ஜமுக்காளத்தின் புளித்த ரச வாடை. கொஞ்ச நேரத்தில் சீட்டுக்குள்ளிருந்து தேங்காய் நாரும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை எழும்பும். அதற்கும் பிறகு வருவது நம்முடைய சொந்த வாடை. அதைப் பற்றிச் சொல்வதற்கில்லை. ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஏறக்குறைய பத்து நாள், தினமும் மதியம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் அப்பா, "மீட்டர் லைட்டு எரியுதா, பேச்சி?" என்று கேட்பார். எரிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

அப்பாவின் பெயர் மாடசாமி. வீடுகளுக்கு வயரிங் செய்கிற வயர்மேன். சீவலப்பேரியில் எங்களுக்கு ஒரு மண்சுவர் வீடு இருந்தது. ஒரு ஐப்பசியில் ஆறு ஊருக்குள் வந்து ஒரு சுவரை எடுத்துக்கொண்டு போயிற்று. மற்ற மூன்று சுவர்களும் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குள் தாமாகவே உட்கார்ந்துவிட்டன. பாளையங்கோட்டையில் செல்லையா சார் என்று ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். அப்பா அவர் வீட்டுக்கு முன்பு வேலை செய்து கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தில், தன் வீட்டுக் கார் ஷெட்டில் எங்களைத் தங்கிக்கொள்ளச் சொன்னார். ஷெட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. அதற்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். காருக்கும் எங்களுக்கும் நடுவில் அம்மாவின் சேலை ஒன்று சுவராகத் தொங்கியது.

கார் சாருடைய அண்ணனுடையது. அவர் மலையில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அதை வாங்கி, இறந்துபோகும் வரை தானே ஓட்டியவர். இரண்டே சீட்டு. நீளமான மூக்கு. துணியாலான கூரை. கதவைத் திறந்து ஏறினால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது போல இருக்கும். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த அதன் நிறம் பழுத்த பூசணிக்காய்க்கு வந்திருந்தது. தெருப் பிள்ளைகள் அதைத் "தவளை" என்றார்கள். சார் மட்டும் "ஸ்போர்ட்ஸ் கார்" என்பார். ஸ்போர்ட்ஸ் என்றால் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் நடப்பது. அதுபோல இதுவும் வருஷத்துக்கு ஒரு நாள் ஓடும் கார் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை.

ஓடாத நாட்களில் அது எங்களுக்கு அலமாரியாக இருந்தது. இடது சீட்டில் அரிசி டின். ஸ்டீயரிங்கில் என் பள்ளிக்கூடப் பாவாடை காயும். டேஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டிக்குள் ரேஷன் கார்டும் அம்மாவின் பேன் வாரும் ஈருளியும். வலது சீட்டு எனக்கு. அதில் உட்கார்ந்துதான் வீட்டுப் பாடம் எழுதுவேன். எதிரே ஐந்து வட்ட மீட்டர்கள், ஐந்திலும் முட்கள் இடது பக்கமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். இந்தியாவிலேயே தனி அறையும் தனி நாற்காலியும் ஐந்து கடிகாரமும் வைத்துப் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளை நானாகத்தான் இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் அது எதுவும் தெரியவில்லை.

நாங்கள் வந்த அன்று சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "வண்டி நிக்கிற வரைக்கும் நீங்களும் இருங்க, மாடசாமி. வண்டி போயிட்டா, மருமகன் ஷெட்டை இடிச்சுட்டு டியூஷன் கிளாஸ் கட்டணும்னு நிக்கிறாரு." நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். அதனால் அந்தக் கார் அங்கேயே நிற்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டவர்கள் அம்மாவும் நானும்தான். வாங்குவதற்கு ஆள் வரும்போதெல்லாம் அம்மா சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். வந்தவர் அதன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, துரு வழியாகத் தரை தெரிவதைக் கண்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அம்மா அன்றைக்கு அப்பளம் பொரிப்பாள்.

அந்தக் கோடையில் ஏரலிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர், ஆள் பெரிய உருவம். மற்றவர்களைப் போல அவர் அடியில் குனிந்து பார்க்கவில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு குனியவும் முடியாது. நேராக டேஷ்போர்டைக் காட்டி, "இது எரியுமா?" என்று கேட்டார்.

"என்ஜினா?" என்றார் சார்.

"என்ஜின் கிடக்கட்டும். அது ஓடுச்சுன்னா ஓட்டுதோம், ஓடலைன்னா தள்ளுதோம். இந்த மீட்டருவ எரியுமா? சின்னப் பிள்ளைல ஒரு தொரை வண்டில பாத்திருக்கேன் சார். இருட்டுக்குள்ள அஞ்சும் பச்சைப் பசேர்னு நிக்கும். ஏரோப்ளேன் மாதிரி. அது எரிஞ்சா நான் எடுத்துக்கிடுதேன். அது எரியலைன்னா எனக்கு வண்டி எதுக்கு? என்கிட்ட லாரி இருக்கு."

சார் திரும்பி அப்பாவைப் பார்த்தார். ஷெட்டிலேயே ஒரு வயர்மேன் குடியிருக்கும்போது வேறு யாரைப் பார்ப்பார்? இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஓசியில் இருக்கும் இடம். கேட்பவர் கேட்டதும் ஒரு சின்ன பல்பு வேலை. "அதுக்கென்ன சார், பாத்துருவோம்" என்றுவிட்டார்.

அன்றைக்குச் சேலைக்கு இந்தப் பக்கம் அம்மா சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஊர்ல இருக்க பல்பெல்லாம் உங்க கையால எரியட்டும். இந்த ஒண்ணு எரியாமப் போனா என்ன? சாமி கண்ணைக் குத்திருமா?"

"ஏளா, எரியாத லைட்டை எரியாமயே விட்டுட்டு வந்தா என்னைய வயர்மேன்னு எவன் சொல்லுவான்" என்றார் அப்பா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பா வீட்டு மின்சாரம் தெரிந்தவர். கார் மின்சாரம் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதை அவர் நம்பவில்லை. காருக்கு உயிர் தர ஒரு பேட்டரி வேண்டியிருந்தது. மைக்செட் கடைக்காரர் ஒருவர், மதியம் சாப்பிட்டுத் தூங்கும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தன் பேட்டரியைக் கொடுத்தார். மாலையில் அவருக்கு அது வேண்டும். அப்பாவுக்கும் மாலையானால் கல்யாண வீடுகளில் சீரியல் செட் விளக்கு மாட்டும் வேலை இருந்தது. ஆகவே இருட்டில் பார்க்க வேண்டிய ஒரு விளக்கைத் திருநெல்வேலிச் சீமையின் சித்திரை வெயிலில், மதியம் ஒரு மணிக்குப் பார்க்க வேண்டிய நிலைமை. ஷெட்டின் ஓட்டை ஓடு வழியாகவும் காரின் கிழிந்த துணிக்கூரை வழியாகவும் வெளிச்சம் கொட்டும். அதனால்தான் ஜமுக்காளம். அதனால்தான் நான்.

முதல் நாள் அப்பா தன் டெஸ்டரை எடுத்தார். முனையைத் தொட்டால் பிடிக்குள் சிவப்பாக எரியுமே, அந்தத் திருப்புளி. அதை பேட்டரியின் ஒரு பக்கம் வைத்தார், எரியவில்லை. மறுபக்கம் வைத்தார், எரியவில்லை. நிமிர்ந்து, ஒரு மருத்துவர் உதட்டைப் பிதுக்குவது போலப் பிதுக்கி, "கரண்டே இல்ல" என்றார். பேட்டரியைத் தலையில் வைத்து மைக்செட் கடைக்குத் திருப்பிக்கொண்டு போனார். தூக்கத்தில் எழுப்பப்பட்ட கடைக்காரர், "பேட்டரில டெஸ்டர் எரியாதுவே. அதுக்கு உள்ள பலம் பத்தாது. இத்தனை வருசம் என்ன வேலைவே பாக்கீரு?" என்று கேட்டு அனுப்பினார். அப்பா அதை எங்களிடம் சொல்லவில்லை. கடைக்காரரே மறுநாள் வந்து சொன்னார், இரண்டு முறை.

பிறகு பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி பேட்டரியில் வைத்துப் பார்த்தார். ஐந்தும் நன்றாக எரிந்தன. வயர்களை நுனி முதல் நுனி வரை தடவிப் பார்த்தார். எலி கடித்த இரண்டு இடங்களை ஒட்டினார். ஃபியூஸும் சரியாக இருந்தது. "எரியுதா, பேச்சி?" "எரியலப்பா." அந்த நாட்களில் நான் சொன்னதெல்லாம் உண்மை. ஜமுக்காளத்துக்குள் கரி இருட்டாக இருந்தது.

நான்காம் நாள் அப்பா வண்ணார்பேட்டைக்குப் போய், கார்களுக்கு வயரிங் செய்யும் ஒருவரை நைசாக விசாரித்தார். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே ஒரே வார்த்தை சொன்னாராம்: "எர்த்து பாத்தீராவே?"

அப்பா திரும்பி வந்தபோது முகம் விடிந்திருந்தது. எர்த்து என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். வீடு வீடாக அவர் செய்து கொடுத்ததுதான்: இடுப்பளவு குழி தோண்டி, நடுவில் இரும்புக் குழாய் நட்டு, சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று போட்டு மூடி, செம்புக் கம்பியைக் கட்டி, தினமும் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். காரில் எர்த்து என்றால் காரின் இரும்பு உடம்பையே சொல்கிறார்கள் என்பதும், விளக்கிலிருந்து வரும் கம்பி அந்த இரும்பில் நன்றாகப் பட்டால் போதும் என்பதும் எனக்கே இருபது வருஷம் கழித்து, தூத்துக்குடியில் ஒரு லாரி எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் தெரிந்தது. அப்பாவுக்கு யார் சொல்வது? அவருடைய கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. கார் எது மேல நிக்கி? ரப்பர் மேல. நாலு பக்கமும் ரப்பர். பெறவு எங்கன இருந்து எர்த்து கெடைக்கும்? வெள்ளைக்காரன் ஊர்ல எப்பமும் ஈரமா இருக்கும், சமாளிச்சிருப்பான். நம்ம வெயிலுக்கு நிக்குமா?"

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "ஓடுத வண்டிக்குக் குழி தோண்டிக் கம்பியைக் கட்டினா, அது எப்படிப் போவும்?"

"மீட்டர் எரியணும்னுதான் சொன்னாவ. போவணும்னு யாரும் சொல்லல" என்றார் அப்பா.

ஷெட்டுக்கு வெளியே, சாருடைய முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டினார். முழுதாக ஒரு மூட்டைக் கரி. ஐந்து படி உப்பு. சார் வந்து பார்த்து, "மாடசாமி, இது வண்டிக்குத்தானே?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு, தனக்குத் தெரியாத பாடத்தில் தலையிடக் கூடாது என்ற ஆசிரியரின் மரியாதையோடு உள்ளே போய்விட்டார். நான் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினேன். குழியிலிருந்து வந்த கம்பி தரையோடு தரையாக ஷெட்டுக்குள் வந்தது. மீட்டர்களின் முதுகிலிருந்து ஒரு கம்பி ஓட்டை வழியாக வண்டிக்கு அடியில் இறங்கியது. இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. எரிந்த பிறகுதான் முறுக்குவேன் என்பது அப்பாவின் கட்டுப்பாடு. அதுவரை கையால் பிடித்துத்தான் பார்ப்பார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரண்டு முனைகளையும் விரல்களுக்குள் சேர்த்து, தலைக்கு மேலிருந்த அடிச்சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டார். குழியினால் ஒன்றுமில்லை, அந்த ஊன்றலில்தான் கம்பி இரும்பில் பட்டது.

ஐந்து வட்டங்களும் பச்சையாகப் பூத்தன.

அந்தப் பச்சையை எப்படிச் சொல்வது? ஆற்றுக்குள் முங்கிக் கண்ணைத் திறந்து வெயிலைப் பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி. எண்கள் எல்லாம் வெள்ளை வெள்ளையாக நின்றன. இரண்டு வருஷமாக நான் தினமும் பார்த்த மீட்டர்களில் இவ்வளவு எழுத்து இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. என் கை, முழங்கால், ரேஷன் கார்டு இருந்த பெட்டியின் பூட்டு, எல்லாம் பச்சை.

"எரியுதா, பேச்சி?"

எரிகிறது என்றால் ஏரல் அண்ணாச்சி வருவார். வண்டி போகும். டியூஷன் கிளாஸ் வரும். சீவலப்பேரியில் சுவரில்லை.

"எரியலப்பா" என்றேன்.

கீழே கம்பியை இன்னும் அழுத்தும் சத்தம். பிறகு, "நல்லாப் பாருட்டி."

"பாத்துட்டுத்தாம்பா சொல்லுதேன். கருங்கும்முனு இருக்கு."

அப்பா கையை எடுத்தார். பச்சை அணைந்தது. வெளியே வந்து, முகத்தில் விழுந்த துருவைக்கூடத் துடைக்காமல் குழியைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எதிர்பார்த்தது, அப்பா விட்டுவிடுவார் என்று. அவர் விடவில்லை. "பொடி உப்பு கலந்துட்டாம்போல, கல்லுப்பா இருக்கணும்" என்று குழியை மறுபடி தோண்டினார். மறுநாளும் பச்சை எரிந்தது; மறுநாளும் நான் எரியவில்லை என்றேன். "தண்ணி பத்தல" என்றார். அன்றிலிருந்து காலையில் பத்துக் குடம், மாலையில் பத்துக் குடம். கிணறு சாருடைய வீட்டின் மறுகோடியில். ஒரு பொய்க்கு இருபது குடம் தண்ணீர் சுமக்க நேரும் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முருங்கை மரம் அந்தக் கோடையில் காய்த்த காய்ப்பை ஊரே வந்து பறித்துக்கொண்டு போனது.

அதோடு நின்றிருந்தால் நான் கல் மாதிரி இருந்திருப்பேன். ஆனால் அப்பாவுக்குத் தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டுக்கு சீரியல் செட் மாட்டப் போனவர், பாதி ஏணியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "கை ஓட மாட்டேங்கு" என்றார். அடுத்த நாள் வேலைக்கே போகவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள், பேச்சைக் குறைத்தாள். "எர்த்து குடுத்தும் எரியலைன்னா நான் கத்துக்கிட்டதெல்லாம் என்னது?" என்று அப்பா தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். கூரை போய்விடக் கூடாது என்று நான் சொன்ன பொய், கூரைக்குக் கீழே இருந்தவரை அரித்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். ஐந்து நாள் பொய் சொன்ன பிறகு ஆறாம் நாள் உண்மையைச் சொல்வதற்கு, முதல் நாள் பொய்க்கு வேண்டியதைவிட நாலு மடங்கு தைரியம் வேண்டும். என்னிடம் அவ்வளவு இல்லை.

அம்மாவுக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ. ஒரு மதியம் ஜமுக்காளத்தைத் தூக்கி, "நீ எறங்குட்டி. நான் பாக்கேன்" என்றாள். நான் இறங்கினேன். அம்மா ஏறி உட்கார்ந்து, சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜமுக்காளத்துக்குள் மறைந்தாள். எங்கள் ஊர்ச் சுடலைச் சாமிக்குப் பயந்து பொய்யென்றால் ஒதுங்கி நடக்கும் பிறவி அது.

"எரியுதாளா?" என்றார் அப்பா கீழிருந்து.

ரொம்ப நேரம் கழித்து ஜமுக்காளம் சொன்னது: "ஒண்ணும் தெரியல."

வெளியே வந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக அடுப்பை நோக்கிப் போய்விட்டாள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

அடுத்த நாள் சார் வந்தார். மருமகன் கேட்டு நச்சரிக்கிறாராம். தானே ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றார். எழுபது வயதுக்காரர், சட்டையும் வேட்டியுமாக, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழைவது போலப் பவ்வியமாக ஏறினார். ஏறுமுன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தன் கையே தெரியாது. தெருவில் எருமைக்கு வணக்கம் சொன்னவர். உள்ளே கொஞ்ச நேரம் இருந்தார். அண்ணனுடைய சீட்டு அது. வெளியே வந்து, வியர்வையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே, மாடசாமி" என்றார். அது பொய்யில்லை. மருமகன் கட்டப்போகும் டியூஷன் கிளாஸில் நாற்பது பிள்ளைகள் காலையும் மாலையும் தன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வாய்ப்பாடு சொல்வதை நினைத்தாரா, அண்ணனை நினைத்தாரா, எங்களைத்தான் நினைத்தாரா, தெரியாது.

அப்பா வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை அசையவே இல்லை.

மூன்று நாள் பொறுத்து ஏரல் அண்ணாச்சி தானே வந்துவிட்டார். "என்னவே இத்தனை நாளா? நானே பாக்கேன்" என்றார். அவருக்கு ஒரு ஜமுக்காளம் போதவில்லை; சார் வீட்டிலிருந்து இன்னொன்று கொண்டுவந்து முதுகுப் பக்கம் போர்த்தினோம். வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. அப்பா எந்த நம்பிக்கையும் இல்லாமல் அடியில் போய்ப் படுத்து, கம்பிகளைச் சேர்த்துக் கையை ஊன்றினார்.

அம்மா அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கினாள். சார் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தார். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன்.

"எரியுதேவே" என்றது ஜமுக்காளம், மிகவும் மெதுவாக.

கீழே அப்பாவின் கால்கள் ஒரு உதறு உதறின. "என்ன சொன்னீரு அண்ணாச்சி?"

"எரியுதுங்கேன். அஞ்சும் எரியுது. அந்தத் தொரை வண்டியேதான்."

"நிசமாவா? அண்ணாச்சி, வெளிய வந்து சொல்லும்."

"இரும்வே. பைய வாரேன். நீரு கையை எடுத்துராதேயும்."

வெந்து வியர்த்து, கால் மணி நேரம் அவர் வெளியே வரவில்லை. அப்பாவும் கையை எடுக்கவில்லை. ஒரு வழியாக அப்பா வெளியே வந்தபோது முகமெல்லாம் துரு, அதற்கு நடுவில் பல். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை. பிறகு சாரை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மூன்று திசையில் நின்றுகொண்டிருந்தோம். அப்பா எதுவும் கேட்கவில்லை.

அண்ணாச்சிதான் கேட்டார். "வண்டியைக் கொண்டு போயிட்டா இந்தக் குழியை என்ன செய்ய?"

"அங்கன ஒண்ணு தோண்டணும்" என்றார் அப்பா.

"யாரு தோண்டுவா?"

"நான்தான் தோண்டணும். அளவு இருக்குல்லா."

"தண்ணி?"

"தெனமும் ஊத்தணும்."

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "அப்பம் நீரும் வாரும். பிள்ளகுட்டியைக் கூட்டிட்டு வாரும். மண்டிக்குப் பின்னால ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

இப்படியாக, நாங்கள் போகாமலிருக்க நான் பொய் சொன்ன அந்த வண்டியிலேயே நாங்கள் போனோம். தார் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி ஒன்றின் மேல் காரைத் தள்ளி ஏற்றிக் கட்டினார்கள். காருக்குள் எங்களை ஏற்றினார்கள். இடது சீட்டில் அம்மாவும் அரிசி டின்னும், வலது சீட்டில் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நான். லாரி வளையும் பக்கமெல்லாம் அப்பா ஸ்டீயரிங்கையும் வளைத்தார். சார் வாசலில் நின்று கையை ஆட்டினார், கண்ணாடி போட்டிருந்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, இரண்டு பக்கமும் வாழையாக வந்த ஒரு இடத்தில் அப்பா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மொத நாளே எரிஞ்சுதா?"

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். "ஆமாப்பா."

"குழி தோண்டுன அன்னைக்கேவா? மொத தடவை கையை வச்ச உடனயா?"

"ஆமா."

அப்பா கொஞ்ச நேரம் ஓட்டினார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல அகன்றது. "அப்பம் மொத தடவையே சரியாத்தான் செஞ்சிருக்கேன்" என்றார். ஏரல் போய்ச் சேருவதற்குள் இதையே இன்னும் நாலு தடவை சொன்னார். அவர் என்னைத் திட்டவே இல்லை. அந்தப் பத்து நாளில் எனக்கு நடந்த ஒரே அநியாயமான தண்டனை அந்த இருபது குடம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏரலில் ஆறு மாதம். மண்டி முற்றத்தில், அப்பா முறுக்கி அடிச்சட்டத்தில் செருகிய கம்பியால் பூமியோடு கட்டப்பட்டு, அந்தக் கார் நின்றது. அண்ணாச்சி அதை ஒருநாளும் ஓட்டவில்லை. பொழுது சாய்ந்ததும் ஏறி உட்கார்ந்து பச்சையைப் பார்ப்பார். தார் போட வந்த வியாபாரிகள் முறை வைத்து ஏறிப் பார்ப்பார்கள். பிறகு கேரளத்திலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் சிரித்துக்கொண்டே கம்பியை அறுத்து, காரின் சட்டத்தில் ஒரு நட்டைப் போட்டு முறுக்கினான். குழி இல்லாமலே எரிந்தது; ஏன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. குழி வேண்டாம் என்றானபின் குழி வெட்டியவருக்கும் அங்கே வேலை இல்லை. அப்பாவும் நானும் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனோம். ஏழாம் வகுப்பை ஏரலில் பாதியும் தூத்துக்குடியில் பாதியும் படித்தேன்; இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாகவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பு, தீப்பெட்டி, டீக்கடை என்று போய், இப்போது கல்யாணச் சமையல் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போய் மண்டபம் மண்டபமாகத் தூங்குகிறேன். குறையொன்றுமில்லை. மண்டபங்களில் ஜமுக்காளம் தாராளமாகக் கிடைக்கும்.

போன பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காகப் பாளையங்கோட்டை போனேன். சாருடைய வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஷெட் இருந்த இடத்தில் பத்துக் கார்கள் வரிசையாக நின்றன. முருங்கை மரம் நின்ற இடத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தவளை என்ன ஆயிற்று என்று தெரியாது. அண்ணாச்சியின் மகன் காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாக ஒருவர் சொன்னார், யாரோ பெங்களூருக்குக் கொண்டுபோனதாக இன்னொருவர் சொன்னார். அப்பா இறந்து பல வருஷமாகிவிட்டது. அம்மா மட்டும் எங்களோடு தூத்துக்குடிக்கு வர மறுத்து, மண்டியில் வாழைச்சருகு கட்டும் வேலை பிடித்து ஏரலிலேயே இருந்துவிட்டவள். இன்றைக்கும் அங்கேதான், ஒற்றை அறையில், நாலு சுவரும் செங்கல்.

திரும்பும் வழியில் அவளிடம் போய் ஷெட் இல்லாமல் போனதைச் சொன்னேன். அவள் பெரிதாக வருத்தப்படவில்லை. பேச்சுவாக்கில், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு நீயும் என்னைய மாதிரி பொய்தானம்மா சொன்ன?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எங்கட்டி பொய் சொன்னேன்? ஒண்ணும் தெரியலைன்னுதான சொன்னேன். ஏறினதுல இருந்து எறங்குத வரைக்கும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுல்லா உக்காந்திருந்தேன். எரிஞ்சுதா எரியலையான்னு இந்த நிமிசம் வரைக்கும் எனக்குத் தெரியாது."

பிறகு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கண்ணைத் தொறந்து பாத்துட்டு, துணிஞ்சு பொய் சொன்னது அந்த ஷெட்டுலயே நீ ஒருத்திதான்" என்றாள், பள்ளிக்கூடத்தில் நான் வாங்காமல் விட்ட பரிசை எடுத்துக் கையில் கொடுப்பவள் மாதிரி.